பழகுநரை லைனில் நிறுத்தும் முன் வைஸில் நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ தேர்வு முடிவுகள் வரும் சமயத்தில் 'அப்ரண்டிஸ் சேர்க்கை' செய்திகள் பத்திரிகைகளில் வரிசைகட்டி வருகின்றன. எத்தனை இடம், மாதம் எவ்வளவு, கடைசித் தேதி எது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. சேர்ந்த பிள்ளை அந்த ஒரு வருடம் கேட்டுக்கு உள்ளே என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. எண்ணூர், திருவொற்றியூர், மணலி, பெரம்பூர் வட்டாரத்தில் ஃபிட்டர், டர்னர் பழகுநர்களுக்கு (அப்ரண்டிஸ்களுக்கு) சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். பெற்றோருக்கும், ஆள் எடுக்கும் நிர்வாகங்களுக்கும் பயன்படும் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாதம் ஒன்றுதான். சேர்ந்த இரண்டாவது வாரமே பழகுநரை உற்பத்தி லைனில் ஒரே வேலையில் நிறுத்திவிட்டால், அந்த வருடம் போனது போனதுதான். கையில் சான்றிதழ் இருக்கும், தொழில் இருக்காது.

முதலில் காகிதத்தைப் பார்த்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்கிறவருக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் போட்டு, அதை அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் கைக்கு வரவில்லை என்றால் கடைசியில் தேர்வும் இல்லை, தேசியப் பழகுநர் சான்றிதழும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ஒரு தளம். டிப்ளமோ, பி.இ. முடித்தவர்களுக்கு வேறு தளம். தென் மாநிலங்களுக்கு அதைக் கவனிப்பது தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். கம்பெனியே 'ட்ரெய்னி' என்று பேர் வைத்து எடுப்பதும், காண்ட்ராக்டர் மூலம் உள்ளே போவதும் இந்தக் கணக்கில் வராது. எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை கொடுத்திருப்பார்கள், வெளியே நிற்கும் அம்மா அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. 2019 விதித் திருத்தத்தில் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். சேரும் அன்று நடப்பில் உள்ள தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் தொழிற்சாலையின் பாதுகாப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. 'இன்னைக்கு ஆள் வரல, ரெண்டாவது ஷிப்ட்டும் பாத்துட்டுப் போ தம்பி' என்று தோளில் தட்டிச் சொல்வது சட்டப்படி தவறு. சேர்ந்த புதிதில் எந்தப் பிள்ளையும் அதற்கு மாட்டேன் என்று சொல்லாது. அதனால்தான் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இனி பட்டறைக்குள் போகலாம்.

முதல் மூன்று மாதம் வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் மேசைப்பிடி), அரம், ஹேக்ஸா, டிரில், அளவுக் கருவிகள். 'கணினி ஓட்டும் சி.என்.சி. மெஷின் காலத்தில் அரம் எதற்கு?' என்று கேட்காத மேனேஜர் இல்லை. 75 மில்லிமீட்டர் சதுரம், 10 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டை நான்கு பக்கமும் தட்டையாக, மூலைக்கு மூலை 90 டிகிரியாக அரத்தால் ராவச் சொல்லிப் பாருங்கள். ஆரம்பத்தில் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய வரும். பிறகு 0.1. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஃபிட்டருக்குக் கேட்பது கூடக் குறைய 0.04 மில்லிமீட்டர். அந்த 0.1-க்கும் 0.04-க்கும் நடுவில்தான் ஒரு ஃபிட்டர் உருவாகிறான். திரையில் எண்ணைப் பார்த்து ஆஃப்செட் (மெஷினின் அளவுத் திருத்த எண்) மாற்றுகிற கைக்கு 0.1 என்றால் எவ்வளவு என்று தெரியவே தெரியாது.

வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பையன் குள்ளமாக இருந்தால் மரப்பலகை போட்டு ஏற்றுங்கள், தோளை ஏற்றச் சொல்லாதீர்கள். இடது கால் முன்னால். 12 அங்குல பாஸ்டர்ட் என்ற சொரசொரப்பான அரத்தில் ஆரம்பம், பிறகு நடுத்தரமான செகண்ட் கட், கடைசியில் நைஸான ஸ்மூத். தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குவதைத் தவிர ஒன்றும் நடக்காது. தள்ள ஆரம்பிக்கும்போது முன்கையில் அழுத்தம் கூட இருக்கும், நடுவில் இரண்டு கையும் சமம், முடிவில் பின்கை. இந்த மாற்றம் வராதவரை அரம் இரண்டு முனையிலும் சாய்ந்துகொண்டே இருக்கும். ஓரம் தேயும், நடு மேடாக நிற்கும். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சக் கோடு தெரியும். அங்கே பையன் செய்யும் முதல் தப்பு, அந்த மேட்டை மட்டும் குட்டிக் குட்டியாகத் தேய்ப்பது. அது பள்ளமாகிவிடும். குறுக்காக ஒரு திசை, எதிர்க்குறுக்காக இன்னொரு திசை என்று மாற்றி ராவினால், எங்கே அரம் படுகிறது என்பதைக் கோடுகளே காட்டிவிடும்.

ராவிய முகத்தை உள்ளங்கையால் துடைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் கை பிசுபிசுவென்று இருக்கும். அந்த எண்ணெயும் வியர்வையும் பட்ட இடத்தில் அரம் வழுக்கும். வாயால் ஊதினால் துகள் கண்ணில். பிரஷ்தான் வழி. பல்லுக்குள் துகள் அடைத்துக்கொண்டால் முகத்தில் ஆழமாக ஒரு கீறல் விழும். அந்த ஒரு கீறலை எடுக்கப் போய் அளவே குறைந்துவிடும். முன்கூட்டியே அரத்தில் சாக்பீஸ் தேய்ப்பதும், கம்பி பிரஷ்ஷால் பல் ஓடும் திசையிலேயே துடைப்பதும் இதற்காகத்தான். ஹேக்ஸாவுக்கும் ஒரு வார்த்தை: பிளேடின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், மெல்லிய பைப்பாக இருந்தால் பல் நெருக்கமான பிளேடு. குறைந்தது இரண்டு மூன்று பல்லாவது இரும்பில் பட்டுக்கொண்டிருக்காவிட்டால் பல் உதிரும்.

அடுத்தது டேப் போடுவது, அதாவது டேப் என்ற கருவியால் துளைக்குள் மரை வெட்டுவது. பழகுநரின் பொறுமையை அளக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. எம் 10 (10 மில்லிமீட்டர் விட்டம்) மரை, 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்). விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் 8.5, அதுதான் டிரில். எம் 8-க்கு 6.8, எம் 12-க்கு 10.2. டிராயரில் 8.5 இல்லை என்று 8 போட்டால் டேப் இறுகி உடையும். 9 போட்டால் உடையாது, சுலபமாக இறங்கும். மரை ஆழம் இல்லாமல் பிறகு போல்ட்டை இறுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். முதல் டேப் இரண்டு சுற்று இறங்கியதும் நிறுத்தி, மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு சாய்வைத் திருத்த முடியாது. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். பின்னால் வரும்போது 'டக்' என்று துகள் முறிவது கையில் தெரியும். ஸ்டீலுக்கு எண்ணெய் வேண்டும், வார்ப்பிரும்புக்கு வேண்டாம். அடி மூடிய துளையாக இருந்தால் மரை ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக டிரில் போட்டு, இடையிடையே துகளை வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் போனால் டேப் அடியில் துகளில் முட்டும். பையன் அதை 'டைட்டா இருக்கு' என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்துவான்.

உடைந்த டேப்பை டிரில் போட்டு எடுக்க முடியாது, இரண்டும் ஒரே கடினம். விரல் போன்ற எக்ஸ்ட்ராக்டர் மாட்டினால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மெஷினுக்குத்தான் அனுப்ப வேண்டும். பல ஆபரேஷன் முடிந்து வந்த ஜாபாக (வேலைத் துண்டாக) இருந்தால், கடைசியில் போட்ட ஒரு மரையால் மொத்தமும் ஸ்க்ராப். உடைத்தவனைத் திட்டுகிற ஃபோர்மேன்கள், டிராயரில் 8.5 டிரில் இருந்ததா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத் திட்டலாம்.

டிரில்லிங் மெஷினில் பெல்ட்டை யாரும் மாற்றுவதில்லை. முந்தைய ஆள் எதில் விட்டானோ அதிலேயே ஓட்டுவது. மைல்ட் ஸ்டீலில் சாதாரண ஹை ஸ்பீடு டிரில்லுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்தால் 10 மில்லிமீட்டர் டிரில் ஏறத்தாழ 800 சுற்று ஓட வேண்டும், 20 மில்லிமீட்டருக்கு 400. 800-லேயே 20-ஐ ஓட்டினால் நுனி நீலமாகிக் கருகும். பிறகு 'டிரில் தரமில்லை' என்று ஸ்டோரில் சண்டை. மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு டிரில் போடுவதை எந்த நாளும் அனுமதிக்கக் கூடாது. டிரில் அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் தகடு மாட்டிக்கொண்டு காத்தாடியாகச் சுற்றிக் கையைக் கிழிக்கும்.

அளப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. அளவுக்கான அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. நம் பட்டறை மே மாதத்தில் என்ன சூட்டில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாபும் மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். லேத்திலிருந்து (கடைசல் மெஷின்) சுடச்சுட எடுத்த ஷாஃப்ட்டை உடனே அளந்தால்தான் வினை. 50 மில்லிமீட்டர் விட்டம், பட்டறைச் சூட்டைவிட 30 டிகிரி கூடுதல் என்று வையுங்கள்: ஸ்டீல் அதில் 0.017 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். டிராயிங்கில் எச் 6 (அளவு எவ்வளவு விலகலாம் என்பதன் குறியீடு) என்று போட்டிருந்தால் அந்த விட்டத்துக்கு அனுமதித்த மொத்த இடைவெளியே 0.016. அதாவது சூட்டில் கச்சிதமாக இருந்த ஷாஃப்ட், டீ குடித்துவிட்டு வருவதற்குள் அளவு குறைந்து ரிஜெக்ட் ஆகியிருக்கும். பையன் 'நான் அளந்தேன் சார்' என்று சத்தியம் செய்வான், அவன் சொல்வது உண்மையும்கூட. மைக்ரோமீட்டரில் முனையில் உள்ள ராட்செட்டைத்தான் சுழற்ற வேண்டும், அளவு எழுதிய திம்பிளைப் பிடித்து இறுக்கக் கூடாது. காலையில் முதல் வேலையாகப் பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லேத்தில் ஜாபைப் பிடிக்கும் சக்கின் தாடையில் ஒரு சின்னத் துகள் சிக்கியிருந்தாலும் ஜாப் சாயும். இந்தச் சந்தேகம் எல்லாம் வைஸில் நின்று கைப்பழக்கமானவனுக்குத்தான் வரும். நேராக சி.என்.சி.க்குப் போனவன் ஆஃப்செட்டை மாற்றுவான், அடுத்த ஜாப் இன்னும் மோசமாக வரும்.

எங்கள் வட்டாரத்துக்கே உள்ள இன்னொரு தொல்லை கடல் காற்று. எண்ணூர், காசிமேடு பக்கம் உப்புக் காற்றில், மெஷின் செய்து பளபளவென்று வைத்த முகம் ஒரே ராத்திரியில் செம்புள்ளி பிடிக்கும். விரல் பட்ட இடத்தில் ரேகையோடு துரு ஏறும். ஷிப்ட் முடியும் முன் கடைசிப் பத்து நிமிடம் ஜாபுக்கும், மெஷின் பெட்டுக்கும், அளவுக் கருவிக்கும் எண்ணெய் தடவுவதற்கென்று ஒதுக்க வேண்டும். வெல்டர் பழகுநர்களுக்கு இதே காற்று வேறு விதத்தில் படுத்தும். 7018 எலக்ட்ரோடை (வெல்டிங் குச்சியில் ஒரு வகை) பிரித்துத் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும், வெல்டில் துளை விழும், ஹைட்ரஜன் ஏறி விரிசலும் விடலாம். 300-லிருந்து 350 டிகிரியில் ஓவனில் காய்ச்சித்தான் பயன்படுத்த வேண்டும். நேற்று மிச்சமானதை இன்று அப்படியே ஹோல்டரில் மாட்டுகிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஒழித்துவிட வேண்டும்.

பாதுகாப்பு வகுப்பு என்று ஏ.சி. அறையில் படம் போட்டுக் காட்டுவதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. மெஷின் பக்கத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியவை சில உண்டு. சக் சாவியிலிருந்து கையை எடுத்தால் சாவி சக்கில் இருக்கக் கூடாது. லேத்திலும் டிரில்லிலும் கையுறை கூடாது. கையைக் காக்கப் போட்ட அதுவே கையை உள்ளே இழுக்கும். துப்பட்டா, தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு, கையில் கட்டிய சாமிக் கயிறு, வளையல் எல்லாம் லாக்கரில். பெண் பழகுநர்கள் இப்போது நிறையவே வருகிறார்கள். முடியைத் தொப்பிக்குள் அடக்கச் சொல்கிற நிர்வாகம், அவர்கள் உடை மாற்றக் கதவுள்ள ஒரு அறை கொடுத்ததா என்றும் பார்க்க வேண்டும்.

சாணைக்கல் திருவொற்றியூரிலேயே கார்போரண்டம் யுனிவர்சலில் தயாராகிறது. ஆனாலும் புதுக்கல்லை மாட்டும் முன் மரக்கைப்பிடியால் தட்டிப் பார்க்கத் தெரிந்த பையன்கள் குறைவு. 'கணீர்' என்றால் நல்ல கல், மொத்தையாகச் சத்தம் வந்தால் விரிசல். கல்லுக்கும் ரெஸ்ட்டுக்கும் (ஜாபைத் தாங்கும் தட்டு) இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, போனால் ஜாபை உள்ளே இழுத்துக் கல்லையே உடைக்கும். புதுக்கல் ஓட ஆரம்பித்த முதல் ஒரு நிமிடம் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

மணலி, எண்ணூர் ரசாயன ஆலைகளில் சேர்பவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே கண் எரிந்து வெளியே ஓடியது நினைவிருக்கும். ஆலைக்குள் முதல் நாள் காட்ட வேண்டியது கேண்டீனை அல்ல, காற்றுத் திசை காட்டும் துணிப்பையை. வாடை வந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி, கசிவுக்கு மேல்காற்றுப் பக்கம் போய்ச் சேர வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு லேத், மில்லிங், கிரைண்டிங் என்று ஒவ்வொன்றிலும் சில வாரம். அப்புறம் கண்டிப்பாகப் பராமரிப்புப் பிரிவு. பழகுநருக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் தொழிற்சாலையில் இல்லை. இங்கேதான் பழைய ஆட்கள் இருப்பார்கள். 'அண்ணே, இது ஏன் இப்படி?' என்று கேட்டால் சொல்லித்தருவார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். ஷாஃப்ட்டில் பேரிங் ஏற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் ஷாஃப்ட்டில் இருக்கிறது, ஆகவே உள்வளையத்தில்தான் தள்ள வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் அடியெல்லாம் குண்டு வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும். அன்றைக்கு மெஷின் நன்றாகத்தான் ஓடும். சில நாளில் கரகரவென்று சத்தம், பிறகு பிரேக்டவுன். 'டூப்ளிகேட் பேரிங் வாங்கிட்டாங்க' என்று பழி பர்ச்சேஸுக்கு. 100, 110 டிகிரிக்குள் சூடு காட்டினால் பேரிங் தானாக ஏறும். இரண்டு பக்கமும் சீல் போட்ட பேரிங்கை எண்ணெயில் போட்டுக் காய்ச்சக் கூடாது, உள்ளே உள்ள கிரீஸ் போய்விடும்.

இவை எதையும் லைனில் நட்டு முடுக்கிக்கொண்டே கற்க முடியாது. நிர்வாகங்களின் நெருக்கடி எங்களுக்குப் புரிகிறது. லைனில் ஒரு இடம் காலியாக இருந்தால் அன்றைய எண்ணிக்கை விழும். பழகுநர் மஸ்டரில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) வராத ஆள், செலவும் குறைவு. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த மொத்தத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று விதி இருப்பது தொழில் சொல்லிக்கொடுப்பதற்காக. அந்த 15 சதவீதத்தை ஆள் பற்றாக்குறைக்கு ஒட்டுப்போட வைத்துக்கொள்வது அந்த விதியை ஏமாற்றுவது. லைனில் ஒரு மாதம் நிற்கட்டும், தப்பில்லை. வேகம் என்றால் என்ன, முந்தைய ஆளின் பிசிறு அடுத்த ஆளை எப்படிப் பாதிக்கும் என்று அங்கேதான் தெரியும். பத்து மாதம் நிற்கக் கூடாது.

பெற்றோர் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மூன்றாம் மாதம் எந்த மெஷின், ஐந்தாம் மாதம் எந்த மெஷின் என்று பிள்ளையைக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் நிறுவனத்தின் பயிற்சி அதிகாரியைப் போய்ப் பாருங்கள்; அங்கே பதில் இல்லையென்றால் பழகுநர் ஆலோசகருக்கு எழுதலாம். பிள்ளைகளும் தினமும் நோட்டில் நாலு வரி எழுத வேண்டும்: என்ன ஜாப், எந்த டூல், என்ன அளவு கேட்டது, என்ன வந்தது, ஏன் தப்பியது. மாதக் கடைசியில் பக்கத்து ஆளைப் பார்த்து மொத்தமாக எழுதும் ரெக்கார்டில் இதெல்லாம் இருக்காது. இறுதித் தேர்வில் கையில் ஒரு டிராயிங்கையும் ஒரு துண்டு இரும்பையும் கொடுத்துவிடுவார்கள். லைனில் மட்டும் நின்றவன் எங்கே மார்க் செய்ய ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிப்பான்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இதைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது, நிறையப் பேர் கடைசி மாதத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ரயில்வேயில் மட்டும் லெவல் 1 (கடைநிலைப் பணி) நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம், ரயில்வே நிறுவனங்களில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு உண்டு. பெரம்பூர்ப் பட்டறைகளிலும் ஐ.சி.எஃப்.பிலும் பயிற்சிக்குப் போட்டி அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மற்ற இடங்களில் கையில் உள்ள தொழில்தான் பேசும். வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கத்துச் சின்னப் பட்டறை முதலாளி சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வெர்னியர் என்ற அளவுக் கருவியைக் கொடுத்து ஒரு துளையை அளக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். பழகுநர் சேர்க்கைச் செய்தி வெளியிடும்போது நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்துப் போடுங்கள்: தனியாக அடிப்படைப் பயிற்சிப் பிரிவு இருக்கிறதா, எந்தப் பிரிவில் எத்தனை வாரம், சொல்லிக்கொடுக்கவென்றே ஒரு ஆள் இருக்கிறாரா. பதில் தராத நிறுவனத்தின் செய்தியில் 'விவரம் தரவில்லை' என்று ஒரு வரி இருந்தால் போதும். நிர்வாகங்களுக்கு: பிரிவு மாற்ற அட்டவணையைப் பயிற்சிப் பிரிவின் சுவரில், பிள்ளைகள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஃபிட்டர், டர்னர் பயிற்றுநர்கள் சிலர்,
திருவொற்றியூர், சென்னை – 19.